மதுரைக்கு எந்த ரயில்? விலையும் வேகமும் சொல்லாத கணக்கு

சென்னையிலிருந்து மதுரைக்கு என்று ஐஆர்சிடிசி செயலியில் தேடினால் ரயில்களின் நீளமான பட்டியல் வந்து விழுகிறது. பாண்டியன், வைகை, தேஜஸ், இரண்டு வந்தே பாரத், நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி, அனந்தபுரி, குருவாயூர் என்று போய்க்கொண்டே இருக்கும். பெரும்பாலானோர் உடனே செய்வது இரண்டில் ஒன்று: கட்டணம் குறைவானதைத் தேடுவது, அல்லது சீக்கிரம் போவதைத் தேடுவது. இரண்டும் தேவைதான். ஆனால் ரயிலின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் கடைசி நிலையத்தின் பெயரை யாரும் கவனிப்பதில்லை. இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

எழும்பூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 495 கிலோமீட்டர். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர், திருச்சி, திண்டுக்கல் வழியாகப் போகும் இந்தப் பாதையைக் கார்டு லைன் என்பார்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகச் சுற்றிக்கொண்டு திருச்சி சேரும் பழைய பாதை மெயின் லைன். மெயின் லைன் வழியாக மதுரை போகும் வண்டிகளும் உண்டு. தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா அப்படித்தான். முன்பதிவே இல்லாத வண்டி, தஞ்சாவூர் வழியாக மதுரை போகிறது. பயண நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் முதலில் வழியைப் பாருங்கள். வண்டி மெதுவாகப் போவதாக இருக்காது, சுற்றிப் போவதாக இருக்கும்.

எந்த நிலையத்தில் ஏறுவது என்பதும் எல்லோரும் நினைப்பதுபோல எழும்பூரோடு முடிவதில்லை. போடிநாயக்கனூர் போகும் முழு ஏசி ரயில் ஒன்று சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் காட்பாடி, சேலம், கரூர் சுற்றி மதுரைக்கு வருகிறது. பெரம்பூர், வியாசர்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வசதி. ஆனால் மதுரைக்கு எழும்பூர்தான் என்று மனதில் பதிந்துபோனவர்கள் அதைத் தேடுவதே இல்லை. தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர்கள் எழும்பூர்வரை வந்து ஏறுவதில் பொருளே இல்லை. தெற்கு நோக்கிப் போகும் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன.

பகல் ரயில்களில் இன்றும் வைகைக்குத் தனி மரியாதை உண்டு. 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் தொடங்கிய ரயில் அது. அந்தக் குறுகிய பாதையிலேயே ஏழு மணி நேரத்தை ஒட்டி ஓடி முடித்த வண்டி, இப்போது மின்மயமான இரட்டை அகலப் பாதையில் ஏழரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. என்ஜின் குறையல்ல, நிறுத்தங்கள் கூடின, முன்னுரிமை வேறு வண்டிகளுக்குப் போய்விட்டது. 2019 மார்ச் 1 அன்று தேஜஸ் வந்தது. காலை ஆறு மணிக்கு எழும்பூரில் கிளம்பி ஆறேகால், ஆறரை மணி நேரத்தில் மதுரை. 2023 செப்டம்பர் 24 அன்று திருநெல்வேலி வந்தே பாரத்தும், 2024 ஆகஸ்ட் 31 அன்று நாகர்கோவில் வந்தே பாரத்தும் வந்தன. இவை மதுரையை ஆறு மணி நேரத்துக்குள் தொடுகின்றன. மதியம் வைகை கிளம்பி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும் நெல்லை வந்தே பாரத், வழியில் அதை முந்திக்கொண்டு முதலில் மதுரை சேர்கிறது.

அந்த ஒன்றரை மணி நேர மிச்சத்துக்கு விலை என்ன? வந்தே பாரத் நாற்காலிக் கட்டணம், இரவு ரயிலின் ஸ்லீப்பர் கட்டணத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஒருவர் வேலையாகப் போகிறார் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு பேர் குடும்பமாகப் போனால் கணக்கு வேறு. ஸ்லீப்பரில் நான்கு பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற பயணம், நாற்காலியில் ஐயாயிரத்தைத் தொடும். அதோடு பகல் ஒன்று பயணத்திலேயே போய்விடுகிறது. இரவு ரயில் ஒரு பகலையும், சில நேரம் ஒரு லாட்ஜ் அறை வாடகையையும் மிச்சம் பிடித்துத் தருகிறது. வேகத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். தூங்கிக்கொண்டே போகும் ஏழரை மணி நேரம், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் ஐந்தே முக்கால் மணி நேரத்தைவிட என் கணக்கில் குறைவு.

இனி, கடைசி நிலையத்தின் கதைக்கு வருவோம்.

ஒரு ரயிலில் இருக்கும் படுக்கைகள் அனைத்தும் ஒரே குவியலாக விற்கப்படுவதில்லை. அவை ஒதுக்கீடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பெரிய பங்கு பொது ஒதுக்கீடு. இது முதன்மையாக ரயில் புறப்படும் நிலையத்திலிருந்து அது சேரும் கடைசி நிலையம்வரை, அல்லது அதை ஒட்டிய தூரம்வரை போகிறவர்களுக்கானது. நடுவழியில் இருக்கும் முக்கிய ஊர்கள் சிலவற்றுக்குத் தனிப் பங்கு உண்டு. மிச்சமிருக்கும் இடைநிலைப் பயணங்களுக்குப் பல ஊர்களும் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஒரு சின்னப் பங்கு. நீங்கள் எந்தப் பங்கின் வாசலில் நிற்கிறீர்கள் என்பது டிக்கெட்டிலேயே எழுதியிருக்கும். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொது ஒதுக்கீட்டின் வரிசை. ஆர்எல்டபிள்யூஎல் என்றால் இடைநிலை ஊரின் வரிசை. பிக்யூடபிள்யூஎல் என்றால் பகிர்ந்துகொள்ளும் பங்கின் வரிசை.

மூன்றும் காத்திருப்புப் பட்டியல்தான். ஆனால் மூன்றின் நகர்வும் ஒன்றல்ல. பொது வரிசையில் முப்பதாவது ஆளாக நிற்பவருக்கு இடம் கிடைத்துவிடும்; பகிர்வு வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நிற்பவருக்குக் கிடைக்காமல் போகும். காரணம் எளிது. தன் ஒதுக்கீட்டில் யாராவது ரத்து செய்தால்தான் தன் வரிசை நகரும். பெரிய பங்கில் நாள்தோறும் பலர் ரத்து செய்வார்கள். சின்னப் பங்கில் இருக்கும் சில பேரில் எத்தனை பேர் ரத்து செய்துவிடப் போகிறார்கள்? எண்ணை மட்டும் பார்த்து, “பன்னிரண்டுதானே, வந்துவிடும்” என்று இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ரயில்வே இதைப் பெரிய எழுத்தில் எங்கும் போடுவதில்லை.

இப்போது மதுரைப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பாண்டியன் மதுரையில் முடிகிறது. வைகையும் தேஜஸும் அங்கேதான் முடிகின்றன. இவற்றில் மதுரைப் பயணி கடைசிவரை போகிறவர், ரயில் அவருக்கானது. நெல்லை திருநெல்வேலிக்கும், முத்துநகர் தூத்துக்குடிக்கும், பொதிகை செங்கோட்டைக்கும், அனந்தபுரி கேரளத்துக்கும் போகின்றன. அவற்றில் மதுரை வழியில் இருக்கும் ஒரு ஊர். அந்தந்த ரயிலுக்கு ஒதுக்கீடு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மதுரைப் பயணி பொது வரிசையிலும் நிற்கலாம், சின்ன வரிசையிலும் நிற்கலாம். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த எழுத்துகள் திரையில் தெரியும். கன்ஃபார்ம் இடம் இருந்தால் எந்த ரயிலானாலும் சரி. காத்திருப்புப் பட்டியல்தான் என்றால், மதுரையில் முடியும் ரயிலின் வரிசையில் நிற்பதே என் தேர்வு, எண் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும்.

இதிலிருந்து ஊரறிந்த தந்திரம் ஒன்று பிறக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் மதுரைவரை இடமில்லை, திருநெல்வேலிவரை இருக்கிறது என்றால், திருநெல்வேலிக்கே டிக்கெட் எடுத்து மதுரையில் இறங்கிவிடுவார்கள். கூடுதல் தூரத்துக்குப் பணம் கட்டியிருப்பதால் இதில் விதிமீறல் இல்லை. திரும்பி வரும்போது திருநெல்வேலியிலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தை மதுரை என்று குறித்துக்கொள்ளலாம். குறிக்காமல் விட்டால் ஆபத்து: திருநெல்வேலியில் ஆள் ஏறவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் அந்தப் படுக்கையை வரிசையில் இருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். தந்திரம் பலிக்கும்தான். ஆனால் ஒரு பக்கம் காலிப் படுக்கை திருநெல்வேலிவரை ஓடுகிறது, மறுபக்கம் விருதுநகரில் ஒருவர் வரிசையில் நிற்கிறார். ஒதுக்கீட்டைப் பிரித்த விதம் மக்களை இப்படி நடக்கவைக்கிறது. பயணியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆர்ஏசி பற்றியும் ஒரு வார்த்தை. அது காத்திருப்புப் பட்டியல் அல்ல. ரயிலில் ஏற உரிமை உண்டு. சைடு லோயர் படுக்கையை இருவர் உட்காரும் இடமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும், கட்டணம் என்னவோ முழுதுதான். கடைசி நேர ரத்துகளால் பலருக்குப் படுக்கை கிடைத்துவிடும். இளைஞர்களுக்கு ஆர்ஏசி பரவாயில்லை. முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவை அதில் ஏற்றிவிடுவது வேறு கதை.

நாள் கணக்கு

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் அறுபது. பொங்கலுக்கு ஜனவரி 13 இரவு கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு விற்பனை தொடங்கும். தென்மாவட்ட ரயில்களில் அன்றைக்கு ஸ்லீப்பர் இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பது ஆண்டுதோறும் செய்தியாகவே வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல், விற்பனை திறக்கும் முதல் 15 நிமிடங்களில் ஆதார் சரிபார்த்த கணக்குகளில் இருந்து மட்டுமே இணையத்தில் எடுக்க முடியும் என்று ஆக்கினார்கள்; பிறகு அதைத் திறக்கும் நாள் முழுவதற்கும் நீட்டினார்கள். ஆகவே திறக்கும் நாளன்று காலை ஏழே முக்காலுக்குக் கணக்கை ஆதாரோடு இணைக்க உட்கார்ந்தால் காரியம் நடக்காது. அதை முன்னமே செய்து வைக்க வேண்டும்.

தட்கலும் அப்படியே. ஏசி வகுப்புகளுக்குக் காலை பத்து மணி, ஏசி இல்லாதவற்றுக்குப் பதினொரு மணி; ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் திறக்கும். 2025 ஜூலை முதல் இதற்கும் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். முதல் அரை மணி நேரம் முகவர்களுக்குத் தடை. கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது என்பதால், போவது உறுதியானால் மட்டும் எடுக்கலாம். தட்கலுக்கும் தனிக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. அதில் நிற்பது பெரும்பாலும் வீண்.

திருச்சியில் ஏறுபவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று இருக்கிறது. இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு எழும்பூரில் கிளம்பும் வண்டி திருச்சிக்கு வருவது நள்ளிரவைத் தாண்டி. சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து ஏறுகிற வண்டி என்று நினைத்துச் சனிக்கிழமைத் தேதிக்கு டிக்கெட் எடுத்தால், அந்த வண்டி சனிக்கிழமை விடிவதற்கு முன்பே போயிருக்கும். அவர்கள் எடுக்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமைத் தேதி. தட்கலில் இது இன்னும் சிக்கலாகிறது. கணக்கு, ரயில் சென்னையில் கிளம்பும் நாளை வைத்து. எனவே ஞாயிறு அதிகாலை திருச்சியில் ஏறப்போகிறவருக்குத் தட்கல் திறப்பது வெள்ளிக்கிழமை காலையே. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒருநாள் தாமதம்.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு உண்மையில் முக்கியமான நேரம் சார்ட், அதாவது யாருக்கு இடம் என்ற இறுதிப் பட்டியல், தயாராகும் நேரம். முன்பு புறப்பாட்டுக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்னால்தான் சார்ட் வரும். இரவு ஒன்பதரை வண்டிக்கு மாலை ஐந்தரைக்குத் தெரியும். அதற்குப் பிறகு பேருந்து தேடி ஓடுவதற்குள் பேருந்துகளும் நிறைந்திருக்கும். 2025 ஜூலையில் இதை எட்டு மணி நேரத்துக்கு முன்னாலும், அந்த டிசம்பரில் பத்து மணி நேரத்துக்கு முன்னாலும் தள்ளினார்கள். மதியம் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் ரயில்களுக்கு முந்தைய நாள் இரவே சார்ட் வந்துவிடும் என்று ஆனது. ரயில்வே சமீபத்தில் செய்த மாற்றங்களில் பயணிக்கு உண்மையிலேயே உதவியது இதுதான் என்பேன். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட்டுக்குப் பிறகும் முழுக்கக் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது.

சார்ட் வந்த பிறகும் காலியாக இருக்கும் இடங்கள் விற்பனைக்கு வரும். வந்தே பாரத்தில் இதைப் பார்க்கத் தவறாதீர்கள். நாகர்கோவில் வண்டி உட்பட தெற்கு ரயில்வேயின் சில வந்தே பாரத் ரயில்களில், வழியில் உள்ள நிலையங்களில் ஏறுபவர்கள் வண்டி அங்கே கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்புவரை எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் வசதி செய்தார்கள். திருச்சி, திண்டுக்கல் ஆட்களுக்கு இது நல்ல வழி.

பேருந்து, விமானம்

ரயில் கிடைக்கவில்லை என்றால் பேருந்து என்பது பழைய வழக்கம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த வழக்கத்தின் கணக்கு மாறிவிட்டது. வண்டலூருக்கு அருகே இருக்கும் அந்த முனையம் தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் ஆட்களுக்கு வீட்டு வாசல். திருவொற்றியூர், மாதவரம் ஆட்களுக்கு அங்கே போவதே ஒரு பயணம். கோயம்பேட்டில் ஏறிய காலத்தில் ரயிலையும் பேருந்தையும் ஒப்பிடும்போது வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய சமமாக இருந்தது, இப்போது அப்படியல்ல. வடசென்னைக்காரருக்கு ரயிலின் மதிப்பு கூடியிருக்கிறது, தென்புறநகர்க்காரருக்குப் பேருந்தின் மதிப்பு கூடியிருக்கிறது. ஒரே நகரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பதில் பொருந்தாது.

மதுரை முனையிலும் இதே கதை. ரயில் நிலையம் ஊருக்கு நடுவில். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம், பெரியார் பேருந்து நிலையம் பக்கத்திலேயே. சென்னைப் பேருந்துகள் வந்து நிற்பதோ மாட்டுத்தாவணியில். கே.கே. நகர், அண்ணா நகர் ஆட்களுக்கு அது வசதி. திருப்பரங்குன்றம், பழங்காநத்தம் போகிறவர்கள் விடியற்காலை ஆட்டோவுக்கு இன்னொரு தொகையை எடுத்து வைக்க வேண்டும்.

பயண நேரம் சாதாரண நாளில் எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள்ளேயே இரண்டு மூன்று மணி நேரம் கரைந்துவிடலாம். ஆம்னி பேருந்துக் கட்டணத்துக்கு ரயில் போல நிலையான விலை கிடையாது. வாரநாளில் ஒரு விலை, வெள்ளி இரவு ஒரு விலை, பண்டிகை இரவில் வானளாவிய விலை. ரயில் கட்டணமும் 2025 ஜூலை 1 அன்றும் டிசம்பர் 26 அன்றும் ஏறியது உண்மைதான். ஆனால் அந்த ஏற்றம் கிலோமீட்டருக்கு ஒரு பைசா, இரண்டு பைசா அளவில். மதுரைவரை ஒவ்வொரு முறையும் ஐந்து, பத்து ரூபாய்தான் கூடியிருக்கும். இடையில் அரசு விரைவுப் பேருந்து நிற்கிறது. கட்டணம் நிலையானது, பண்டிகைக்குச் சிறப்புப் பேருந்துகளும் விடுவார்கள். அதன் முன்பதிவையும் ரயிலோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். ரயில் கைவிட்ட பிறகு அங்கே போனால் நல்ல இருக்கை இருக்காது.

விமானத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வானத்தில் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். மீனம்பாக்கத்துக்கு முன்கூட்டியே போவது, பாதுகாப்புச் சோதனை, மதுரையில் பெட்டிக்குக் காத்திருப்பது, ஊருக்குள் டாக்சி எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கு வீடு நாலரை மணி நேரம் ஆகிவிடும். வந்தே பாரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம் இரண்டு, இரண்டரை மணி நேரம். சாவு, அவசர சிகிச்சை போன்ற நேரங்களில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு விலையே கிடையாது. மற்றபடி எனக்கு அது பொருளற்ற செலவாகத்தான் தெரிகிறது.

யார் போகிறார்கள் என்பது இந்த ஒப்பீட்டையே புரட்டிப்போடும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்பவில்லை. ஆனால் லோயர் பெர்த் ஒதுக்கீடு தொடர்கிறது: 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள், தனியாகவோ இருவராகவோ டிக்கெட் எடுத்தால் அதில் கேட்கலாம். இங்கே குடும்பங்கள் செய்யும் பிழை, அப்பா, அம்மா, பேரப்பிள்ளைகள் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடுவது. அப்படிப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியாது. பெரியவர்களுக்கு அப்பர் விழுந்தாலும் விழும். அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுத்தால் ஒரே பெட்டியில் இல்லாமல் போகலாம், ஆனால் கீழே படுத்துப் போவார்கள்.

இவ்வளவு யோசித்துப் போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டு, திரும்பும் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. திரும்பும் நாளுக்கு அறுபது நாள் கணக்கு தனி. அது வேறொரு காலை எட்டு மணி. மதுரையிலிருந்து ஞாயிறு இரவுப் பாண்டியன் கிடைக்காதபோது, ஞாயிறு மாலை ஐந்து மணி வாக்கில் மதுரைக்கு வரும் நாகர்கோவில் வந்தே பாரத்தில் பலர் ஏறுகிறார்கள். அது எழும்பூர் சேர்வது இரவு பதினொரு மணியை ஒட்டி. மெட்ரோவும் பதினொரு மணியோடு நின்றுவிடும். அண்ணா நகருக்கோ வடபழனிக்கோ போக வேண்டியவர்கள் அந்த நேரத்து ஆட்டோ வாடகையையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு கிடைக்கும் என்றால், காலை எட்டு மணிக்குள் மதுரையில் ஏறும் திருநெல்வேலி வந்தே பாரத் இரண்டு மணிக்கு எழும்பூரில் கொண்டுவந்து விடுகிறது. விடுப்பு கிடைக்காது என்றால் ஞாயிறு மதியமே கிளம்பும் தேஜஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விருந்துச் சாப்பாட்டை முடித்த கையோடு அதைப் பிடித்துவிடலாம்.